பழைய பேட்டரியும் பெண்களின் கையும்

எங்கள் வீட்டுத் தொழுவத்தில் இப்போது மாடு இல்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய சிமெண்டுத் தொட்டி மட்டும் இருக்கிறது. அந்தத் தொட்டிக்குள் ஒரு சாண் உயரத்துக்கு மணல் பரப்பி, அதன்மேல் ஒரு பேட்டரியை வைத்திருக்கிறோம். 2021இல் நான் வாங்கிய மின் ஸ்கூட்டரின் பேட்டரி அது.

காரியாபட்டியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு, நான் பாடம் எடுக்கும் கல்லூரிக்கு, அந்த வண்டியில் மூன்று ஆண்டுகள் போய்வந்தேன். அதற்கு முன்பு பேருந்து. கடைசி வகுப்பு முடிந்து, பேருந்து நிலையத்தில் நின்று, இருட்டிய பிறகு வீடு வந்து, அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்த காலம் அது. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த வழியாக வருவது என்பதை நானே முடிவு செய்யும் சுதந்திரத்தை அந்த வண்டி தந்தது. பெட்ரோல் விலை கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. ஆகவே இதை மின்வண்டிக்கு எதிரான கட்டுரையாக வாசிக்க வேண்டாம். அந்த வண்டியை நான் விரும்பினேன். விரும்பிய பொருளைப் பற்றித்தான் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது.

2024 கோடையில் பேட்டரி செத்துப்போனது. வாங்கிய கடைக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. பெயர்ப்பலகையைக் கழற்றி எடுத்திருந்தார்கள். நிறுவனத்தின் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். வேறொரு கடையில் புதுப் பேட்டரி வாங்கினேன். பழையதை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. இரும்புக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணாச்சி அதைத் தராசில் ஏற்றவே இல்லை. "இன்வெர்ட்டர் பேட்டரின்னா கொண்டாங்க டீச்சர், கையோட காசு தாரேன். இந்த லித்தியம் நமக்கு வேண்டாம். போன மாசம் ஒண்ணப் பிரிக்கையில புகைஞ்சுபோச்சு" என்றார். யார் பிரித்தார்கள் என்று கேட்டேன். கடையின் பின்பக்கம் வயர் உரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களைக் காட்டினார். ஒருவர் தன் இடது கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தபோது அம்மாதான் இடம் பார்த்தார். பத்தொன்பது வருடம் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். "வீட்டுக்குள்ள வைக்காத தாயி. வெயில்லயும் வைக்காத. என்ன மருந்துன்னு தெரியாத வரைக்கும் வீரியமான மருந்துன்னுதான் நெனைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே தொட்டிக்கு மணல் அள்ளினார்.

நான் இந்தியாவின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளை முதல்முறையாக எடுத்து வாசித்தது அந்த வாரத்தில்தான். இலக்கியம் சொல்லித்தருகிறவள் நான். ஒரு பிரதியில் யார் பேசுகிறார்கள், யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் காட்சிக்குள் வராமலே வேலை செய்துவிட்டுப் போகிறார்கள் என்று பார்க்க மாணவிகளுக்குக் கற்பிக்கிறேன். அதே பழக்கத்தோடு இந்த விதிகளையும் வாசித்தேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பு.

விதிகளில் யார் இருக்கிறார்கள்?

மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022 ஆகஸ்டில் இவ்விதிகளை வெளியிட்டது. 2001ஆம் ஆண்டின் பழைய விதிகள் ஈய அமில பேட்டரிகளை மட்டுமே கவனித்தன; புதியவை மின்வண்டி பேட்டரி உட்பட எல்லா வகைகளையும் சேர்த்துக்கொண்டன. நல்லவை இருக்கின்றன. பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தவரே அது கழிவானதும் பொறுப்பேற்க வேண்டும். குப்பைமேட்டில் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. மின்வண்டி பேட்டரியிலிருந்து மீட்டெடுக்க வேண்டிய பொருளின் அளவு 2024-25இல் 70 விழுக்காடு, அடுத்த ஆண்டு 80, 2026-27 முதல் 90. 2027-28 முதல் புதிய மின்வண்டி பேட்டரியில் 5 விழுக்காடாவது மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும்; அது ஆண்டுக்கு ஐந்தாகக் கூடி 2030-31இல் 20 விழுக்காட்டைத் தொட வேண்டும். இதைத்தான் வட்டப் பொருளாதாரம் என்கிறார்கள்: பூமியிலிருந்து எடுத்ததைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. காங்கோவின் கோபால்ட் சுரங்கத்தில் இன்னொரு குழி வெட்டாமல் இருக்க இதுவே வழி என்றால், அதை யார் மறுக்க முடியும்?

ஆனால் கடமைகள் யாருக்கெல்லாம் வகுக்கப்பட்டிருக்கின்றன என்று வரிசையாகப் பாருங்கள். உற்பத்தியாளர், நுகர்வோர், சேகரித்துப் பிரிப்பவர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள். இதில் 'மறுசுழற்சியாளர்' என்பவர் பதிவுச் சான்று வைத்திருக்கும் நிறுவனம். பேட்டரியைக் கையில் எடுத்துத் திருகாணியைக் கழற்றுகிறவர் அல்லர். அவருக்கு இந்தப் பிரதியில் பாத்திரம் இல்லை. மின்கழிவு விதிகளில் தொழிலாளர் துறைக்கு ஒரு கடமை உண்டு: கழிவைப் பிரிக்கும் தொழிலாளர்களை அடையாளம் கண்டு பதிவு செய்ய வேண்டும், பயிற்சி தர வேண்டும், அவர்களுடைய பாதுகாப்பையும் உடல்நலத்தையும் கண்காணிக்க வேண்டும். அது நடைமுறையில் எவ்வளவு நடக்கிறது என்பது வேறு பேச்சு, எழுத்திலாவது இருக்கிறது. பேட்டரி விதிகளில் அந்தக் கடமை வகுக்கப்படவில்லை.

பணம் எப்படி நகர்கிறது என்றும் பாருங்கள். இலக்கை எட்டாத உற்பத்தியாளர் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். விட்ட குறையை ஒரு வருடத்துக்குள் சரிசெய்தால் கட்டியதில் 75 விழுக்காடு திரும்பக் கிடைக்கும். இரண்டு வருடத்துக்குள் என்றால் 60. மூன்று வருடத்துக்குள் 40. மீதிப் பணம் சேகரிக்கப்படாத பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சி செய்யப் பயன்படும். உலோகம் வட்டமாகத் திரும்புகிறது, பணமும் வட்டமாகத் திரும்புகிறது. புகை குடித்த நுரையீரலுக்கும் வெந்த கைக்கும் அந்த இழப்பீட்டிலிருந்து எதுவும் ஒதுக்கப்படவில்லை.

இனி நுகர்வோர். பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியே வைத்து, உரிய நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டியது நுகர்வோர் கடமை. எந்த வீட்டில் யார் அதைச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். 2012ஆம் ஆண்டின் மின்வெட்டு நினைவிருக்கும். சென்னைக்கு ஒரு கணக்கு, தென்மாவட்டங்களுக்கு ஒரு கணக்கு என்று மின்சாரம் போன காலம். கடன்பட்டாவது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினோம். வாங்கியவர் பெயரில் ரசீது இருக்கும், அது பெரும்பாலும் ஆண். மாதாமாதம் மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியவர், துருவேறிய முனையை வெந்நீர் விட்டுத் துடைத்தவர், அமிலம் பட்டுச் சேலையில் ஓட்டை விழுந்தவர் பெண். 'நுகர்வோர்' என்ற சொல் பார்க்க ஆண்பாலும் இல்லை பெண்பாலும் இல்லை. அதன் வேலைப்பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் மட்டும் பால் தெரிகிறது.

முழு வட்டத்தின் விஷம்

வட்டம் முழுமையாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு, நம்மிடம் ஏற்கெனவே முழுமையான ஒரு வட்டம் இருக்கிறது என்று சொல்ல விரும்புகிறேன். இரும்புக்கடை அண்ணாச்சி கையோடு காசு தருவதாகச் சொன்னாரே, அந்த ஈய அமில பேட்டரி. உலகில் மிக அதிகமாக மறுசுழற்சி செய்யப்படும் பொருட்களில் ஒன்று அது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்து நம் தெருக்களுக்கு இந்த வணிகம் தெரியும். காரீயத்துக்கு எப்போதும் விலை உண்டு. ஆகவே ஒரு பேட்டரியும் தெருவில் கிடக்காது. விதி வருவதற்கு முன்பே வட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வட்டம் என்ன செய்தது? 2020இல் யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் ஈயம் கவலைக்குரிய அளவில் இருப்பதாகச் சொன்னது. மொத்தம் ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகள்; அவர்களில் 27 கோடிக்கும் மேற்பட்டோர் இந்தியாவில். முறையற்ற பேட்டரி மறுசுழற்சியை அதன் முக்கியக் காரணங்களில் ஒன்றாக அந்த அறிக்கை சொன்னது. பேட்டரியைக் கோடரியால் உடைத்து, அமிலத்தை வாய்க்காலில் கொட்டி, தகடுகளைத் திறந்த உலையில் உருக்கும்போது ஈயம் தூசியாகி, மண்ணில் படிந்து, தவழும் குழந்தையின் விரலில் ஏறுகிறது.

ஈயம் பெண்ணுடலில் நடந்துகொள்ளும் விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதைச் சுண்ணாம்புச்சத்து என்று ஏமாந்து உடல் எலும்பில் சேர்த்துவைக்கிறது. ஆண்டுக்கணக்கில் அது அங்கேயே கிடக்கும். கருவுற்ற காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் உடல் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும். கூடவே ஈயமும் இரத்தத்துக்கு வரும், தொப்புள்கொடியைத் தாண்டும். உடம்பில் இரும்புச்சத்து குறைந்திருந்தால் குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதாவது எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கத்துக்கும் ஈயத்தின் விஷத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இதைச் 'சுற்றுச்சூழல் பிரச்சினை' என்று மட்டும் பெயரிட்டுப் பெண்ணியப் பேச்சிலிருந்து தள்ளிவைக்க முடியாது.

கென்யாவில் மொம்பாசா நகரின் ஓவினோ உஹூரு குடியிருப்பை ஒட்டி ஒரு பேட்டரி உருக்காலை இருந்தது. அங்கே அலுவலக வேலைக்குச் சேர்ந்த ஃபிலிஸ் ஓமிடோ என்ற இளம்தாயின் குழந்தை ஓயாமல் நோயுற்றது. சோதித்தபோது குழந்தையின் இரத்தத்தில் ஈயம். தாய்ப்பால் வழியாகப் போயிருந்தது. அவர் வேலையை விட்டார். அக்கம்பக்கத்துப் பெண்களைத் திரட்டினார். கைது செய்யப்பட்டார், மிரட்டப்பட்டார். ஆலை மூடப்படும்வரை ஓயவில்லை. 2015இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது அவருக்குக் கிடைத்தது. 2020இல் கென்ய நீதிமன்றம் அந்தக் குடியிருப்பு மக்களுக்கு 130 கோடி ஷில்லிங் இழப்பீடு தரச் சொன்னது. அந்த ஆலை மறுசுழற்சி ஆலைதான். வட்டத்தின் ஓர் அங்கம்தான்.

லித்தியத்தின் கதை வேறு மாதிரி. ஸ்கூட்டர் பேட்டரியைத் திறந்தால் உள்ளே விரல் நீளத்தில், விரலைவிடச் சற்றுப் பருமனாக, நூற்றுக்கணக்கான சிறு கலங்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். ஒன்று நசுங்கினாலோ குறுக்கே உலோகம் பட்டுச் சூடேறினாலோ, அது தன் சூட்டில் தானே எரியத் தொடங்கும். பக்கத்துக் கலத்தையும் பற்றவைக்கும். அதன் மின்பகு திரவத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு தோலையும் நுரையீரலையும் அரிக்கும். அணைந்துவிட்டது என்று நினைத்த பேட்டரி பல மணி நேரம் கழித்துத் திரும்ப எரியலாம். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு மின்னேற்றம் செய்ய வைத்திருந்த ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் பதின்மூன்று வயது மகளும் இறந்தார்கள். அதே ஆண்டின் இறுதியிலிருந்து பேட்டரிப் பாதுகாப்புத் தரம் கடுமையாக்கப்பட்டது. ஓடும் வண்டிக்குத் தரம் வந்துவிட்டது. ஓடி முடித்த பேட்டரியைப் பிரிக்கும் கைக்கு வரவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கோபால்டும் நிக்கலும் உள்ள பேட்டரிக்கு மறுசுழற்சிச் சந்தையில் நல்ல மதிப்பு. இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட லித்தியம் பேட்டரி விலை குறைவு, தீப்பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. ஆனால் அதிலிருந்து எடுக்க விலைமதிப்புள்ள உலோகம் அதிகம் இல்லை. ஆக, நமக்கு ஆபத்துக் குறைந்த பேட்டரிதான் வியாபாரிக்கு லாபம் குறைந்த பேட்டரி. சுழற்சியைச் சந்தையின் கையில் விட்டால் அது லாபத்தின் பின்னால் போகும். மிச்சம் எங்கள் தொட்டியில் கிடக்கும்.

உள்ளே விடுவதா, வெளியே நிறுத்துவதா?

பேட்டரித் தொழிலில் பெண்ணுடலை என்ன செய்வது என்ற கேள்வி பழையது. அமெரிக்காவில் பேட்டரி தயாரித்த ஜான்சன் கண்ட்ரோல்ஸ் நிறுவனம் 1982இல் ஒரு விதி கொண்டுவந்தது: இனி கருத்தரிக்க இயலாது என்று மருத்துவச் சான்று காட்டாத எந்தப் பெண்ணும் ஈயம் படும் வேலையில் இருக்கக் கூடாது. தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். வேலையைக் காப்பாற்றிக்கொள்ளக் கருத்தடை அறுவை செய்துகொண்ட ஒரு பெண் அவர்களில் இருந்தார். தந்தையாக விரும்பி, உடலில் ஈய அளவைக் குறைத்துக்கொள்ள விடுப்புக் கேட்டு மறுக்கப்பட்ட ஓர் ஆணும் இருந்தார். ஈயம் ஆணின் விந்தணுவையும் பாதிக்கும். நிறுவனத்தின் விதி அதைக் கண்டுகொள்ளவில்லை. 1991 மார்ச் 20 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த விதி பால் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது.

இந்தியாவிலும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தான வேலைகளில் பெண்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்குத் தந்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்தொகுப்பு, எல்லா வேலைகளிலும் பெண்கள் சேரலாம், ஆபத்தான வேலை என்றால் உரிய பாதுகாப்பு வேண்டும் என்கிறது. கதவு திறந்திருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் வெளியே நிறுத்துவதும் உள்ளே அழைப்பதும் ஒரே காரியத்தைத் தவிர்க்கப் பயன்படலாம்: வேலையிடத்தை எல்லா உடலுக்கும் பாதுகாப்பாக்குவது. ஆபத்தை அப்படியே வைத்துக்கொண்டு யாரை அதன் முன்னால் நிறுத்துவது என்று மட்டும் மாற்றி மாற்றிப் பேசினால், அது நமக்குக் கிடைத்த உரிமை ஆகாது.

2021 செப்டம்பரில் ஓலா நிறுவனம், கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் உள்ள தன் ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், பத்தாயிரம் பெண்களுக்கு வேலை கிடைக்கும் என்று அறிவித்தது. சீருடை அணிந்த பெண்களின் படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. எனக்கும் அப்போது பெருமையாக இருந்தது. வண்டி பிறக்கும் இடத்தில் பெண்களைப் படம் எடுக்கிறோம். அதே வண்டி சாகும் இடத்தில், இரும்புக்கடையின் பின்பக்கத்தில், கையைச் சேலைக்குள் மறைக்கும் பெண்ணை எந்தக் கணக்கில் எழுதுகிறோம் என்பதுதான் என் கேள்வி.

எங்கள் மாவட்டம் ஏற்கெனவே எழுதிய தேர்வு

இந்தக் கேள்வி காரியாபட்டியிலிருந்து எழுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆபத்தான பொருளுக்கு உரிமம், அளவு, அறை, தூரம் என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கும் தொழிலை விருதுநகர் மாவட்டம் மூன்று தலைமுறையாகப் பார்த்திருக்கிறது. நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், மாவட்ட வருவாய் அலுவலர் லைசென்ஸ் என்று சின்னப் பிள்ளைக்கும் இங்கே வகை தெரியும். ஓர் அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்று சுவரிலேயே எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தும் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். 2025 ஜூன் 11 அன்று எங்கள் காரியாபட்டிப் பக்கமே, வடகரையில் வெடித்தது.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் அதே சொற்கள் திரும்ப வரும்: உள்குத்தகை, அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து, அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள், மரத்தடியில் வேலை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை வேறு சிலர் குத்தகைக்கு எடுத்திருப்பார்கள். பெண்கள் யாரிடம் கூலி வாங்கினார்களோ அவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. தொழிலாளியே தாளில் இல்லாதபோது, இறந்த பிறகு அவர் அங்கே வேலை பார்த்தார் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவருடைய மகளுக்கு வருகிறது. விதிகள் குறைவாக இருந்ததால் இது நடக்கவில்லை. பொருளை எண்ணியது போல ஆட்களை எண்ணாததால் நடந்தது.

பேட்டரித் தொழில் இதிலிருந்து விலகி நிற்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. தென்கொரியாவின் ஹ்வாசோங் நகரில் அரிசெல் என்ற லித்தியம் பேட்டரி ஆலை 2024 ஜூன் 24 அன்று எரிந்தது. அங்கே செய்தது வண்டி பேட்டரி அல்ல, ஒருமுறை பயன்படும் வகை. 23 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்தவர்கள்; பலர் பெண்கள். ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவர்களுக்கு வெளியேறும் வழிகூடச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. 2025 செப்டம்பரில் விசாரணை நீதிமன்றம் நிறுவனத் தலைவருக்கு 15 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. அந்தச் செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் எல்லாம் தெரிந்த கதையாக இருக்கிறது என்றார். தலைவரை உள்ளே வைத்தது மட்டும் புதுசு என்றும் சொன்னார்.

இப்போது நம் நாட்டில் மறுசுழற்சிக்குப் பணம் வருகிறது. பேட்டரிக் கழிவிலிருந்தும் மின்கழிவிலிருந்தும் அரிய கனிமங்களைப் பிரித்தெடுக்கும் தொழிலை ஊக்குவிக்க மத்திய அமைச்சரவை 2025 செப்டம்பரில் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஆலைகள் எங்கே வரும்? நிலம் மலிவாக, தண்ணீர் வற்றி, வேறு வேலை இல்லாத ஊர்களுக்கு இத்தகைய தொழில்கள் வருவது வழக்கம். பட்டாசும் தீப்பெட்டியும் எங்கள் கரிசல் காட்டுக்கு அப்படித்தான் வந்தன. பட்டாசு ஆலைகள் குறைந்தால் அந்தக் கைகள் எங்கே போகும் என்று யோசிக்கும் எவருக்கும் இந்தக் கணக்கு புரியும்.

அம்மாவின் அறிவைப் புனிதமாக்க நான் விரும்பவில்லை. மணல் பேட்டரியின் சூட்டைத் தணிக்காது. பக்கத்தில் பரவாமல் தடுக்க உதவும், அவ்வளவே. எரியும் லித்தியம் பேட்டரியைக் குளிர்விக்க நிறையத் தண்ணீர் வேண்டும். பட்டாசு மருந்தின் பாடம் அப்படியே இதற்குப் பொருந்தாது. புதிய பயிற்சி தேவை. ஆனால் ஆபத்தோடு அன்றாடம் புழங்கிய பெண்களிடம் இருக்கும் கவனத்தை எந்தப் பயிற்சித் திட்டமும் தொடக்கப்புள்ளியாக எடுத்துக்கொள்வதில்லை. 'திறனற்ற தொழிலாளி' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு முடித்துவிடுகிறார்கள்.

இந்தப் பருவத்தில் என் மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். விதிகள் அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியானவை. சில பக்கங்களைத் தமிழில் சொல்லி, வரையறைகள் இருக்கும் பகுதியில் 'தொழிலாளி' என்ற சொல்லைச் சேர்த்து எழுதச் சொன்னேன். வகுப்பில் பாதிப்பேரின் அம்மாக்கள் பட்டாசுக்கோ தீப்பெட்டிக்கோ போனவர்கள். எல்லோரும் எழுதியதைச் சேர்த்து ஒரு பத்தியாக்கினோம்:

தொழிலாளி என்பவர், கழிவு பேட்டரியைத் தூக்குகிற, பிரிக்கிற, உடைக்கிற, உருக்குகிற, கழுவுகிற எவரும் ஆவார். அவர் யாரிடம் கூலி வாங்கினாலும், எந்த இடத்தில் இருந்து செய்தாலும், பதிவுபெற்ற நிறுவனமும் பேட்டரியை விற்ற உற்பத்தியாளரும் அவருக்குப் பொறுப்பு. ஆண்டுக்கு இருமுறை இரத்தத்தில் ஈயத்தைச் சோதித்து, முடிவை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். ஈயம் கூடினால் சம்பளத்தோடு வேறு வேலை தர வேண்டும். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது.

அன்று இரவு அதை அம்மாவிடம் வாசித்தேன். தொழுவத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான். கூலி நாள்கணக்குல இருக்கணும்னும் எழுதச் சொல்லு தாயி. எண்ணிக்கைக்குக் கூலின்னா கை ஓடும். கை ஓடுனா மருந்து ஒரசும்" என்றார்.

மறுநாள் அந்த வரியையும் சேர்த்துக்கொண்டோம்.